முத்திரையும் செய்தியும்

சொன்னவர் யாராயினும் சொல்லப்பட்ட பொருளின் மெய்ம்மையையே ஆராய வேண்டும் என்பது அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. தமிழ் மேடைகளில் பெரிதும் போற்றப்படும் இந்நெறி பத்திரிகை வாசிப்பிற் கைக்கொள்ளப்படுவது அரிது. 'அரச பத்திரிகை', 'இடதுசாரி ஏடு' என்னும் முத்திரைகளே முதலிற் கண்ணிற் படுகின்றன. செய்தி பின்னரே படுகின்றது.

எனினும், இதற்காக வாசகனை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. வாதம் வேறு, சாட்சியம் வேறு. வாதத்தின் வலுவை அதன் படிகளைக் கொண்டே அளந்துவிடலாம். பகைவன் சொன்னாலும் கணிதம் கணிதமே. செய்தியோ சாட்சியம். நூறு மைலுக்கு அப்பால் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டை வாசகன் நேரிற் கண்டானல்லன். சாட்சி யார், அவரை ஆட்டுவிப்பவர் யார் என்று வினவுவதும் அவனுக்கு மெய்ப்பொருள் காணும் வழிகளுள் ஒன்றாகின்றது. லேக் ஹவுஸ் நிறுவனத்தை அரசின் பிடிக்குள் கொண்டுவந்த 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்த ஒருவன், அந்நிறுவனத்தின் ஏடுகளில் அரசாங்கம் பற்றி வருவனவற்றைத் தயங்கி வாசிப்பானாயின் அது தப்பெண்ணமன்று, விவேகமே.

ஆனால், முத்திரை அவ்வெல்லையில் நிற்பதில்லை. ஒரே வகைச் செய்திகளை சீ.என்.என்., ஃபொக்ஸ் என்னும் இரு பெயர்களில் மாற்றிக் காட்டி அமெரிக்காவில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2007 இல் வெளியாயிற்று. நிறுவனத்தின் பெயரே பக்கச்சார்பின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. தமக்குப் பகையெனக் கருதிய நிறுவனத்தின் பெயரைக் கண்ட கொள்கைப் பிடிப்பாளரிடத்தே இது மிகுந்து காணப்பட்டது. இங்கே முத்திரை ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாகவில்லை. ஆராய்ச்சியின் இடத்தையே அது பிடித்துக்கொண்டது.

முத்திரை குத்துபவர் யார் என்பதும் சிறிய வினாவன்று. 2023 ஏப்ரலில் டுவிட்டர் நிறுவனம் அமெரிக்கத் தேசியப் பொது வானொலிக்கு 'அரசுடன் இணைந்த ஊடகம்' என்று பெயரிட்டது. தனது வருடாந்தச் செலவிற் கூட்டாட்சி அரசின் நேரடிப் பங்கு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவென வானொலி மறுத்துரைத்தது. முத்திரை 'அரச நிதி பெறும் ஊடகம்' என மாறியது. அம்மாதமே முற்றாக அகற்றவும் பட்டது. பணம் எங்கிருந்து வருகின்றது என்பது தகவல். யாருக்காகப் பேசுகின்றது என்பது தீர்ப்பு. தகவலின் உடையில் தீர்ப்பு வந்து நின்றால் வாசகன் அதனைப் பிரித்தறிவது எங்ஙனம்?

முத்திரைகளை ஒழித்துவிட்டால் போதும் என்பாருமுளர். 1982 இல் பெய்ரூத் அகதிமுகாம்களில் நிகழ்ந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இரு சாராருக்குக் காட்டினர். அவ்வாய்வு 1985 இல் வெளியாயிற்று. அவை இஸ்ரேலுக்கு எதிரானவை என இஸ்ரேல் ஆதரவாளர் கூறினர். அரபு மக்களுக்கு எதிரானவை என மற்றவர் கூறினர். தம் பக்கத்திற்குப் பாதகமான குறிப்புகளை எண்ணிச் சொல்லுமிடத்தும் இரு சாராரின் கணக்கும் ஒத்துவரவில்லை.