ஸ்ரீபரதாழ்வானை ஐயுற்றவர்கள்



ஒருவரைக் கண்டவுடனே 'இவர் இத்தகையவர்' என்று அறுதியிட்டுவிடுவது தீயோரிடம் மட்டும் காணும் குற்றமன்று. நல்லோரும், அன்பின் மிகுதியாலேயே, இதற்கு ஆளாவதுண்டு. ஸ்ரீராமாயணம் இதனை ஸ்ரீபரதாழ்வானை இட்டு நமக்குக் காட்டுகிறது.

தாய் வரம் கேட்டதும், தமையனார் காடேறியதும், தந்தை மறைந்ததும் கேகய நாட்டிலிருந்த பரதன் அறியாமல் நடந்தவை. ஆயினும் திரும்பி வந்தவனைக் கௌஸல்யையார் முதலில் கடுஞ்சொல்லாலேயே எதிர்கொண்டார். சபதங்கள் பல செய்து அவன் தன் தூய்மையை உணர்த்த வேண்டியதாயிற்று. கங்கைக் கரையில் ஸ்ரீகுஹப்பெருமாள், பெருகி வரும் சேனையைக் கண்டு ஐயுற்று, 500 ஓடங்களை வீரருடன் நிறுத்தினார். பரத்வாஜ மஹரிஷி, அவன் உள்ளத்தை அறிந்திருந்தும், ஐயுற்றவர் போலவே வினவினார். சித்ரகூடத்தில் இளையபெருமாள் மரத்தின்மேல் ஏறிச் சேனையைக் கண்டு, பரதன் கொல்லத்தக்கவன் என்றே துணிந்தார்.

இவர்களில் எவரும் பெருமாளிடம் அன்பு குறைந்தவர் அல்லர். அன்பு இருக்குமிடத்தில் அச்சமும் பிறக்கும். இத்தகைய 'அதிசங்கை'யைப் பரிவின் காரியமாகப் பூர்வாசார்யர்கள் கொண்டாடுவர். ஆனால் பரிவினால் பிறந்தது என்பதனாலேயே ஐயம் உண்மையாகிவிடாது. கண் கண்டது சேனை ஒன்றே. 'போருக்கு வருகிறான்' என்பது நெஞ்சு சேர்த்துக்கொண்டது. பரதன் அச்சேனையைக் கொணர்ந்ததோ, பெருமாளை முடிசூட்டி மீட்டு வருவதற்காக.

ஐயம் ஒன்றாயினும் ஐயுற்றவர்கள் நடந்துகொண்ட விதத்தில் வாசி உண்டு. குஹப்பெருமாள் துறையைக் காத்துவைத்தார். ஆனால் தாமே காணிக்கையோடு சென்று, உபசரித்து, வந்த காரியத்தைக் கேட்டார். விடை கேட்டதும் ஐயம் நீங்கிப் பரதனைப் போற்றினார். ஓடங்களை நிறுத்தியது எச்சரிக்கை. கேளாமலே கொல்லத்தக்கவன் என்றது தீர்ப்பு. எச்சரிக்கை வீணானால் இழப்பில்லை. தீர்ப்பு அம்பாகப் புறப்பட்டிருந்தால் மீட்க வழியேது?

இளையபெருமாளைப் பெருமாள் எப்படித் திருத்தினார்? பரதன் இதற்கு முன் உனக்கு எப்போதாவது தீங்கு செய்ததுண்டோ என்று கேட்டார். இன்று கண்ட ஒரு காட்சியைக் கொண்டு, இதுவரை பழகி அறிந்ததைத் தள்ளலாகாது என்பது கருத்து. அதன்மேல், ராஜ்யத்துக்காக இப்படிப் பேசுகிறாயாகில், பரதனிடம் சொல்லி உனக்கே தரச் செய்கிறேன் என்றார். இளையபெருமாள் நாணி ஒடுங்கினார். ராஜ்யத்தைத் துறந்து பின்தொடர்ந்தவர்க்கு ராஜ்ய ஆசையை ஏற்றிச் சொன்னால் எவ்வளவு நோகும்! அந்த நோவையே அவர் பரதனுக்கு இழைக்கவிருந்தார்.

நம் கோஷ்டிகளிலும் இது நிகழ்கிறது. புதிதாக வந்தவர் திருமண் இல்லாமல் நின்றால், சேவாகாலத்தில் வாய் திறவாதிருந்தால், தீர்த்தம் ஸாதிக்குமுன் புறப்பட்டால், ஈடுபாடு இல்லாதவர் என்று முடிவு கட்டுகிறோம். அவர் அலுவலகத்திலிருந்து நேரே வந்தவராயிருக்கலாம். பாசுரங்களை இன்னும் கற்காதவராயிருக்கலாம். வீட்டில் நோயாளி ஒருவர் காத்திருக்கலாம். நமக்கு இது ஒரு கண நேர எண்ணம். அவர்க்கோ, திருமாளிகைக்கும் ஸந்நிதிக்கும் இனி வருவதா வேண்டாமா என்னும் கேள்வி. பரதன் எத்தனை பேர் ஐயுற்றாலும் பொறுமையோடு விடை கூறிப் பெருமாள் திருவடியை அடைந்தான். எல்லோர்க்கும் அப்பொறுமை வாய்ப்பதில்லை. ஒருமுறை முகம் சுளிக்கக் கண்டு மறுமுறை வாராதோர் உண்டு. அவர் பாகவதராயிருந்தால் அபசாரம் நம்மைச் சேரும்.

ஐயம் எழுவதை நம்மால் தடுக்க இயலாது. அது எழுந்தால், குஹப்பெருமாளைப் போல எதிரே சென்று, இன்சொல்லால் வரவேற்று, கேட்டறிவது நம்மால் இயலும்.