கூலியும் பலனும்

மே மாதம் பிறந்ததும் தமிழ்நாட்டில் பெயின்ட் வேலைக்குப் போகும் குழுக்களில் புதிய முகங்கள் தென்படும். கலைக் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிற பையன்கள். மாமாவோ சித்தப்பாவோ பெயின்டராக இருப்பார். இல்லாவிட்டால் தெருவில் ஒரு மேஸ்திரி இருப்பார். தேர்வு முடிந்த மறுவாரமே பையன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போய்விடுவான். கோடையில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடப்பதால் வகுப்பறைகளுக்கும் அப்போதுதான் வண்ணம் அடிப்பார்கள். வைகாசி முகூர்த்தத்துக்கு வீட்டைத் தயார் செய்கிறவர்கள் வேறு அவசரப்படுத்துவார்கள். வேலை நிறைய இருக்கும், ஆள் போதாது. அடுத்த பருவத்துக்கான கட்டணத்தையும் பஸ் செலவையும் வீட்டில் கேட்காமல் சேர்த்துவிடலாம் என்பது பையனின் கணக்கு.

முதல் நாளே பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். தகடும் உப்புத்தாளும்தான் கிடைக்கும். பழைய சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடுக்கடுக்காகப் படிந்த சுவரைச் சுரண்ட வேண்டும். ஓதம் ஏறி உப்புப் பூத்த இடத்தைப் பொடி உதிர உதிரத் தேய்க்க வேண்டும். விரிசலில் பட்டி வைத்து, காய்ந்ததும் தேய்த்து, இன்னொரு தரம் பட்டி இழுத்து, மறுபடியும் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் வீட்டுக்காரர் வண்ண அட்டையைப் பார்த்துப் பொறுக்கிய நிறம் சுவரைத் தொடும். உழைப்பில் பெரும்பகுதி, வேலை முடிந்த நாளில் யார் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே மறைந்துபோகிறது.

அந்தப் பையன் தூசியில் நின்று தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அவனைப் பற்றிப் பழைய கேள்வி ஒன்றைக் கேட்டாக வேண்டும். தொழிலைத் தெய்வம் என்று சொல்வது நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் பலனை எதிர்பாராமல் செய்வதே உயர்ந்த செயல் என்றும் அதே வாய் சொல்கிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47ஆம் சுலோகம், செயலில்தான் உனக்கு உரிமை, அதன் பலனில் இல்லை என்ற பொருளில் பேசுகிறது. இந்தப் பையனோ கூலிக்காகத்தான் வந்திருக்கிறான். கூலி இல்லையென்றால் வந்திருக்கவே மாட்டான். அப்படியானால், வெள்ளிக்கிழமை காசு வாங்காமல் கோயில் பிராகாரத்தைப் பெருக்கும் அன்பரின் உழைப்பைவிட இவன் உழைப்பு ஒரு படி கீழானதா? பக்தியுள்ள பலர் மனத்தில் அப்படி ஒரு தராசு தொங்குகிறது. கூலிக்கு மாரடிப்பது என்று நாம் இழிவாகச் சொல்வதும் அந்தத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான்.

அந்தத் தராசு பிழையானது. பிழை என்பதற்கு நம் மரபுக்குள்ளேயே சான்று இருக்கிறது.

கீதைக்கு உரை எழுதிய பழைய ஆசிரியர்களுக்குப் பழக்கமான சாத்திரம் மீமாம்சை. வேள்விச் சடங்குகளின் இலக்கணத்தை அது அலசி ஆராய்கிறது. வேள்வியை நடத்துகிறவர் எஜமானர், மந்திரம் ஓதிக் கிரியை செய்கிறவர்கள் ரித்விக்குகள். உடம்பு வருந்த நாள் முழுக்க நெருப்பருகே உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். ஆனால் வேள்வியின் பலனான சொர்க்கம் எஜமானருக்கு. ரித்விக்குகளுக்குக் கிடைப்பது தட்சிணை. ஜைமினியின் வழியில் வந்த மீமாம்சகர்கள் இதைக் கொஞ்சமும் பூசி மெழுகாமல் சொன்னார்கள்: தட்சிணை என்பது தானம் அன்று, உழைப்பை விலைக்கு அமர்த்தும் தொகை. ஆக, பலன் என்பது ஒன்று, கூலி என்பது வேறொன்று. பலனில் உரிமை இல்லை என்ற வாக்கை எடுத்துக் கூலியின் தலையில் வைப்பதற்குச் சாத்திரம் இடம் தரவில்லை.

இதைச் சுவர் வேலைக்குப் பொருத்திப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். பையன் வண்ணம் அடித்த வீட்டில் அவன் குடியிருக்கப் போவதில்லை. அந்தக் கூடத்தில் நடக்கும் நிச்சயதார்த்தத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வராது. சுவர் அழகாக இருக்கிறது என்று விருந்தாளி சொல்லும் வார்த்தை வீட்டுக்காரரைத்தான் சேரும். உழைப்பின் பலனை முழுதாக விட்டுவிட்டு, சாரத்தைப் பிரித்துக்கொண்டு அவன் அடுத்த தெருவுக்குப் போகிறான். பற்றில்லாமல் செயல்படுவது என்று நூல்கள் விவரிக்கும் நிலைக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எந்தத் தொழில் இருக்கிறது? அவன் கேட்டு வாங்குவது அன்றைக்கு உடம்பைக் கொடுத்ததற்கான விலையை மட்டும்தான். அதை வாங்குவதால் அவனுடைய பற்றின்மைக்கு ஒரு குறையும் வராது.

தமிழ்ச் சைவம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அப்பர் கையில் உழவாரம் இருக்கும். எந்தச் சிவன் கோயிலிலும் அறுபத்து மூவர் வரிசையில் அவரை அடையாளம் காட்டுவது அந்தக் கருவிதான். பிராகாரத்துப் புல்லைச் செதுக்கும் கருவியைத் தோளில் சாத்திக்கொண்டு நிற்கும் கவிஞர் அவர். 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார், திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த கதையைச் சொல்கிறார். அடியார்களுக்கு அன்னமிட அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு தருகிறார். அப்பரின் காசைக் கடைக்காரர்கள் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். சம்பந்தரின் காசுக்கு வட்டம் பிடிக்கிறார்கள். அதை மாற்றிப் பண்டம் வாங்கி வருவதற்குள் அவருடைய மடத்தில் உலை ஏற நேரமாகிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு என்றால், அப்பர் கையால் தொண்டு செய்கிறவர் என்பதே சேக்கிழார் தரும் காரணம். சம்பந்தர் ஞானப்பால் உண்ட குழந்தை, பாட்டில் அவருக்கு நிகர் அரிது. ஆனாலும் உடம்பால் உழைத்தவருக்குக் கிடைத்த காசு மாற்றுக் குறையாத காசு. பிறகு சம்பந்தர் பதிகம் பாடி வேண்டிய பின்னரே அவருக்கும் நல்ல காசு கிடைத்தது. உழைப்புக்குத் தருகிற காசில் கடவுளே வட்டம் பிடிக்கவில்லை என்று படிக்கக்கூடிய கதை இது. உழவாரப் பணிக்கு ஊர் ஊராகப் போகும் அன்பர் குழுக்கள் இந்தக் கதையைத் தங்கள் தொண்டின் பெருமையாகச் சொல்வதுண்டு. அதே கதை கூலிக்காரனின் காசுக்கும் சாட்சி.

மதுரையில் சிவனே கூலியாள் ஆனார். வைகைக் கரை உடைந்து, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் போட வேண்டும் என்று பாண்டியன் கட்டளையிட, ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காக ஒரு வாலிபன் வருகிறான். உதிர்ந்த பிட்டு அவனுக்குக் கூலி. அதைத் தின்றுவிட்டு அவன் வேலையில் விளையாடுகிறான், அரசன் பிரம்பால் அடிக்கிறான், அந்த அடி அரசன் முதுகிலும் ஊரார் முதுகிலும் விழுகிறது. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை இதை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது. திருவிளையாடல் என்ற பெயரில் நாம் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு நாள் கூலிக்கு வந்த, ஊர் பேர் தெரியாத ஓர் ஆளை அடித்தால் வலி எல்லோருக்கும் உண்டு என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன சமயக் கதைகள் அதிகம் இல்லை.

மற்ற மதங்களும் கூலியின் விஷயத்தில் கறாராகவே பேசியிருக்கின்றன. ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது பைபிளின் உபாகமம். உழைத்தவனின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்னதாக நபிமொழி இருக்கிறது. மத்தேயு நற்செய்தியில், திராட்சைத் தோட்டத்துக்கு மாலையில் வந்தவனும் காலையில் வந்தவனைப் போல முழு நாள் கூலி பெறுகிறான். இந்த உவமையிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டுதான் ஜான் ரஸ்கின் தன் பொருளாதாரக் கட்டுரைகளை 1860இல் எழுதினார். அந்த நூலை 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது படித்த காந்தி, அந்த ஆண்டிலேயே ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் ஒரே மதிப்பு என்பது அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. பையன் ஜூனில் போய்விடுவான், மேஸ்திரி போக முடியாது.

பிரான்சில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த சிமோன் வெய்ல், 25ஆவது வயதில் விடுப்பு எடுத்துக்கொண்டு 1934 டிசம்பரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை, கடைசியாக ரெனோ கார் ஆலை உட்பட, இயந்திரங்களோடு வேலை பார்த்தார். உழைப்பின் புனிதத்தைப் பாட அவர் அங்கிருந்து திரும்பவில்லை. வேகமும் ஏச்சும் மனிதனைச் சிந்திக்க விடாமல் அடிக்கின்றன என்றும், அடிமைக்குரிய முத்திரை தன்மேல் விழுந்துவிட்டது என்றும் எழுதினார். எனினும் பிற்காலத்தில், ஒரு பொருளின்மேல் மனத்தை முழுதாக நிறுத்தும் கவனமே பிரார்த்தனையின் சாரம் என்று கண்டு சொன்னவரும் அவர்தான். உழைப்பு பிரார்த்தனை ஆகலாம், உழைக்கும் நிலைமைகள் அதைக் கொன்றுவிடவும் கூடும். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் என்பதால் அவரை இந்த விஷயத்தில் நம்பலாம். விட்டுப் போக வழி இருந்தும், அந்த வழி இல்லாதவர்களை அவர் மறக்கவில்லை. மாணவனிடம் எதிர்பார்க்கக்கூடியதும் அதுதான். பிற்காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும், நானும் பெயின்ட் அடித்தவன்தான் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. மேஸ்திரியின் தோள் வலி அந்தப் பேச்சில் இடம் பெறுவதில்லை.

கவனம் என்று வெய்ல் சொன்னது என்ன என்பதைச் சுவரருகே பார்க்கலாம். பட்டி காய்ந்ததும் கைதேர்ந்த பெயின்டர் சுவருக்கு நேராக நின்று பார்ப்பதில்லை. பல்பைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பார். வெளிச்சம் சாய்ந்து விழும்போது, நேரே பார்த்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பிறகு பையனைக் கூப்பிட்டு இன்னொரு தரம் தேய்க்கச் சொல்வார். வீட்டுக்காரருக்கு அந்த மேடு தெரியவே போவதில்லை.

மேட்டைவிடப் பெரிய சோதனை பிரைமர். அதை அடிக்காமல் விட்டாலும் முதல் நாள் சுவர் பளபளப்பாகத்தான் இருக்கும். புதுப் பூச்சு உலர வேண்டிய நாள் வரை காத்திராமல் அடித்தாலும், எமல்ஷனில் அளவுக்கு மேல் தண்ணீர் கலந்தாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஒன்றிரண்டு மழைக்காலம் போனதும் தோல் உரிகிற மாதிரி வண்ணம் பெயரும். அதற்குள் மாணவன் பட்டமே வாங்கியிருப்பான், கேட்க ஆள் இருக்காது. புகழும் வராத, தண்டனையும் வராத அந்த இடத்தில் ஒருவன் ஒழுங்காகப் பிரைமர் அடித்தால், அதை எதற்காகச் செய்தான் என்று சொல்வது? கூலிக்காக என்று சொல்ல முடியாது, அடிக்காமல் விட்டாலும் அதே கூலிதான். கீதை சொல்லும் பலன் கருதாச் செயல் கூலி வாங்குகிறவனின் நாளுக்குள்ளேயே நடக்கிறது. கூலியை மறுத்தால்தான் அது நடக்கும் என்பதில்லை. வயிறு நிரம்பி, கணக்குத் தீர்ந்து, மனம் கசக்காமல் இருக்கும்போதுதான் கை அந்த ஒழுங்குக்கு வரும்.

கோயில் கோபுரங்களிலும் இதைக் காணலாம். 12 ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்பது வழக்கம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு 2009 ஏப்ரலில் நடந்தபோது கோபுரங்களுக்கெல்லாம் புதிதாக வண்ணம் தீட்டினார்கள். மேல் நிலைகளில் இருக்கும் சுதைச் சிற்பங்களின் விரல் நகத்தையும் கண் இமையையும் தரையில் நிற்கும் பக்தர் பார்க்க வழியே இல்லை. சாரத்தில் நின்றவர்கள் அவற்றையும் தீட்டிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அவர்களும் நாள் கூலி வாங்குகிறவர்கள்.

வேலையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, பெயின்டர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் 1989இல் சேர்த்தது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பழைய கதவிலும் ஜன்னலிலும் இருக்கிறது. அதைச் சுரண்டும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கான மத்திய சட்டமோ, முந்தைய 12 மாதங்களில் 90 நாளாவது வேலை செய்தவரையே பயனாளியாகப் பதிய வழி செய்கிறது. கோடை விடுமுறையில் மட்டும் வருகிற மாணவனுக்கு அத்தனை நாள் சேராது. சாரத்திலிருந்து விழுந்தால் அவன் பெரும்பாலும் நம்பியிருக்க வேண்டியது மேஸ்திரியின் இரக்கத்தையும் வீட்டுக்காரரின் மனசாட்சியையும்தான்.

எனவே இந்தக் கோடையில் வீட்டுக்கு வண்ணம் அடிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுரண்டும் நாளுக்கு முகக் கவசமும், சாரத்தில் ஏறுகிறவருக்கு இடுப்புக் கயிறும் இருக்கின்றனவா என்று முதல் நாளே மேஸ்திரியிடம் கேளுங்கள். கயிறு இல்லாமல் மாடிச் சுவருக்கு யாரையும் ஏற்றாதீர்கள். கணக்கைச் சனிக்கிழமை மாலையே தீர்த்துவிடுங்கள். மீதியை மழைக்காலம் கழிந்து, சுவர் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லாதீர்கள். அந்தப் பையன் கட்டணம் கட்ட வேண்டிய தேதி அதற்கு முன்பே வந்துவிடும்.