ஏழைக்கு அழகு எதற்கு?

2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒரு புதுப்பணி தொடங்கப்பெற்றது. ஏழைப் பெண்களுக்கு மார்பக அறுவை மருத்துவத்தைக் கட்டணமின்றிச் செய்யும் பணி அது. புற்றுநோயால் மார்பகம் இழந்தவர்க்கு மட்டுமன்று. மார்பைப் பெருக்கவோ குறைக்கவோ விரும்புவோர்க்கும் அதில் இடமுண்டு என்றனர். அழகு மருத்துவம் ஏழைக்கு ஏன் கிட்டலாகாது என்று அந்நாளைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் வினவினார். அரசு செய்யாவிடின் அப்பெண்கள் கடன்படுவர், அல்லது ஆபத்தான வழிகளை நாடுவர் என்பது அவர் காட்டிய காரணம். உயிர்காக்கும் மருத்துவத்துக்குரிய பொதுப்பணம் இதற்குச் செல்வதா என்ற எதிர்ப்பும் எழுந்தது.

செய்தியைப் படித்த அன்று நானும் எதிர்த்தவர் பக்கமே நின்றேன். தேவை வேறு, ஆசை வேறு. தேவைக்கு அரசு, ஆசைக்கு அவரவர் பணம் என்பது என் தீர்ப்பு. அத்தீர்ப்பை அசைத்தவர் ஒரு மூதாட்டி.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் மின்மினி காண வருவோர்க்கெல்லாம் கம்போங் குவாந்தான் பழகிய பெயர். அவ்வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து நெடுநாளாயிற்று. பால்மரம் வெட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர் அம்மூதாட்டி. விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடியவர். ஐந்து பிள்ளைகளுக்குப் பாலூட்டிய மார்பில் ஒன்றைப் புற்றுநோய்க்காக எடுத்தார்கள். பிழைத்தார், ஆனால் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஓராண்டு கழித்து மீண்டும் வந்தார். பழைய கைலித் துணியை மடித்து ரவிக்கைக்குள் தைத்திருந்தார். "இந்த வயசுல அழகு எதுக்கு பாட்டி?" என்று பேத்தி கேலி செய்தாள். "அழகுக்கு இல்லடி, சேலை நிக்கணும்ல" என்றார்.

இஃது ஆசையா, தேவையா? பத்துப் பேர் நடுவே கூசாமல் நிற்க விரும்புவதை ஆடம்பரம் என எவ்வாறு தள்ளுவது? அவர் விரும்பியதற்கும், தன் உடலைக் கண்டு கூசும் இருபது வயதுப் பெண் விரும்புவதற்கும் இடையே கோடு கிழிக்க நான் முயன்றேன். ஒரு கோடு உண்டு; நோய் பறித்ததை ஈடுசெய்வதும் இல்லாததைச் சேர்ப்பதும் ஒன்றல்ல. ஆனால் நான் எண்ணியிருந்த அளவுக்கு அக்கோடு தெளிவாக இல்லை.

அவ்விளம்பெண்ணைப் பழிக்குமுன் தமிழாசிரியர்களாகிய நாம் சற்றே நாண வேண்டும். பெண்ணின் மார்பை அளந்தளந்து பாடிய இலக்கியம் நம்முடையது. அவ்வடிகள் வரும்போது குரலைத் தாழ்த்தி விரைந்து கடந்தவர்களுள் நானும் ஒருவன். அதே இலக்கியத்தில் கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள். தடாதகைப் பிராட்டியின் மூன்றாவது தனமோ மணாளனைக் கண்டதும் மறைந்தது. ஒருத்தியின் சினத்துக்கும் மற்றொருத்தியின் காதலுக்கும் உடலே மொழியாயிற்று. இவற்றை விரித்துரைக்கும் நாம், அளவை வைத்தே பெண்ணை மதிக்கும் கண்ணைப் பற்றி வகுப்பில் வாய் திறப்பதில்லை.

அந்தக் கண் யாருடையது? 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உலகின் முதல் சிலிகோன் மார்பகப் பொதியைப் பெற்றவர் டிம்மி ஜீன் லிண்ட்சே. மார்பில் குத்தியிருந்த பச்சையை நீக்கிக்கொள்ளவே அவர் மருத்துவமனைக்குச் சென்றார். மார்பைப் பெருக்கும் யோசனை மருத்துவர்களுடையது. அவர் உண்மையில் விரும்பியது, புடைத்து நின்ற காதுகளைத் திருத்திக்கொள்ள!

ஆசை யாருடையதாயினும் கத்தி படுவது பெண்ணின் உடலில். ஆதலின் அவளுக்கு முதலில் உரியது முழு உண்மை. பொதி ஆயுள் முழுவதற்கும் உரியதன்று. காலம் செல்லச் செல்லச் சிக்கல் நேரும் வாய்ப்பு மிகும். அதனைச் சுற்றி உடல் வளர்க்கும் தழும்புத் திசு இறுகி வலிக்கக்கூடும். உணர்ச்சி குன்றலாம், பாலூட்டலுக்கு இடையூறு நேரலாம். வெளிக்குத் தெரியாமலே பொதி கிழிவதுமுண்டு. அதனால் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறையும் ஊடுகதிரின்றி உள்ளே காட்டும் படச் சோதனை செய்துகொள்ளுமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவுறுத்துகிறது. சொரசொரப்பான மேற்பரப்புடைய சிலவகைப் பொதிகள் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை எனக் கண்டு, 2019இல் அவை திரும்பப் பெறப்பட்டன. அறுவைக்குப்பின் சில வாரங்கள் பளு தூக்கலாகாது. செம்பனைக் குலை சுமப்பவளுக்கு அது கூலியிழப்பு.

அமைச்சரின் வினாவை நான் இப்போது மறுக்கவில்லை. செல்வர் மனைவியின் விருப்பத்தை மருத்துவம் என்றும், கூலிக்காரியின் விருப்பத்தைத் திமிர் என்றும் கூறுவது நேர்மையாகாது. ஆயினும் முதல் அறுவை இலவசம் என்றால், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அப்பொதியை மாற்றவோ எடுக்கவோ நேரும்போது செலவு யாருடையது? செல்வர் வீட்டுப் பெண் மீண்டும் பணம் கட்டுவாள். மற்றவள்?

ஸ்டான்லிச் செய்தியை மூதாட்டியிடம் சொன்னேன். இங்கும் அப்படி ஏதேனும் உண்டா என்று விசாரிக்கிறேன் என்றாள் பேத்தி. ரவிக்கையின் தையலைச் சரிபார்த்துக்கொண்டே பாட்டி சொன்னார்:

"கேளு. எத்தன வருசம் தாங்கும்னு மொதல்ல கேட்டுட்டு வா."