காத்தவர் பாதம்

வாழ்ந்ததற்கு அடையாளமாக எதையாவது விட்டுச் செல்ல வேண்டும் என்ற ஆசையைத் தற்பெருமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது நியாயமான தீர்ப்பாகாது. பிள்ளைகளுக்குச் சொத்து சேர்ப்பதோடு நில்லாமல், முகம் தெரியாதவர்களுக்கும் தன் உழைப்பில் ஒரு பங்கு போய்ச் சேரட்டும் என்று நினைக்கிற மனம் நல்ல மனம். அந்த ஆசை எதைத் தேடிப் போகிறது என்பதில்தான் அறத்தின் கேள்வி எழுகிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரைச் சுற்றிப் பார்த்தால் இது விளங்கும். பெங்களூர் நெடுஞ்சாலையோரம் பொறியியல் கல்லூரி, அடுத்து இருங்காட்டுக்கோட்டை கார் ஆலை, தெற்கே ஒரகடம் வரை சிப்காட் தொழில் வளாகங்கள். இவை அனைத்துக்கும் மூத்தவையாக நடுநடுவே ஏரிகள். கட்டடத்தைத் திறந்து வைத்தவர் பெயர் கல்லில் ஏறுகிறது. அது ஒழுகாமல் பார்த்துக்கொள்பவர் பெயர் எங்கும் ஏறுவதில்லை. நிலைத்த நன்மை ஒன்றை விட்டுச் செல்ல விரும்புகிறவர் புதிதாகத் தொடங்கும் முன், ஏற்கெனவே இருப்பதில் காக்க வேண்டியது எது என்று தேடுவதே முறை.

இது இன்று புதிதாகக் கண்ட கருத்தன்று. நம் கோயில் சுவர்களில் கொடை எழுதி வைத்தவர்கள் கடைசி வரியில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பொறித்திருக்கிறார்கள்: இந்தத் தர்மத்தைக் காத்தவரின் பாதம் தன் தலைமேல் இருப்பதாக என்று. கொடுத்தவர் ஊரில் பெரிய மனிதர். சில இடங்களில் அரசரே. காக்கப் போகிறவரோ இன்னும் பிறக்கக்கூட இல்லை, என்ன குலம், என்ன தொழில் என்று தெரியாது. இருந்தும் அவருடைய காலைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார் கொடையாளி. கொடுத்தலைவிடக் கொடுத்ததைப் பேணுதலே மேல் என்று செப்பேடுகளின் வடமொழிச் சுலோகமும் சொல்கிறது. தம் செயல் தம் கையை விட்டுப் போன பிறகு பிறர் தயவில்தான் வாழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொடுத்தது காக்கப்படாமல் போகலாம் என்ற அவர்களின் அச்சம் வீணல்ல என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலே சான்று. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 கட்டில்கள் கொண்ட வீரசோழன் ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் கூலி வகுத்து, இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறது. இன்று கல் இருக்கிறது, கட்டில் இல்லை. அதே மண்ணில் பழைய ஏரிகள் பலவற்றில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. காரணம் ஏரிக்கு வாய்த்த ஆட்கள். கலங்கல் உடைந்தால், மதகு அடைத்துக்கொண்டால், அந்தப் போகமே பாழ் என்பதால் ஏரி நீரில் பயிரிட்ட ஆயக்கட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் மண்வெட்டியோடு வந்தார்கள். உத்திரமேரூரில் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி ஊர்ச் சபையின் ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள் மட்டுமே. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது, அவர் உறவினரும் வர முடியாது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே கதவு திறந்த சபை அது; அந்தக் குறையை மறைக்கக் கூடாது. ஆனால் ஓராண்டு மட்டுமே பொறுப்பில் இருந்தவர்களால் தலைமுறைகளைத் தாண்டும் வேலை நடந்தது என்ற உண்மை அந்தக் குறையால் அழிந்துவிடாது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் இன்றைய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆயக்கட்டு நிலம் ஆலையாகவும் மனையாகவும் மாறிய ஊர்களில், ஏரியால் சோறு உண்டவர்கள் இல்லாமல் போனார்கள். அவர்களோடு ஏரியின் காவலும் போயிற்று. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. ஆகவே இங்கே ஒரு வரத்துக்கால்வாய் தூர்ந்தால் அது இந்த ஊரோடு முடிகிற சங்கதி இல்லை. ஆலைகளோ நிலையானவை அல்ல. 2006இல் இங்கே உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. சமூகப் பொறுப்புக்கு லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கச் சொல்லும் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் விதிகள், தொடர் திட்டத்துக்குக்கூடத் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக 3 ஆண்டுகளுக்கு மேல் இடம் தருவதில்லை. வகுப்பறை கட்ட அந்தக் காலம் போதும். பத்தாம் ஆண்டில் அதன் கூரையைப் பார்க்க யார் வருவார் என்ற கேள்விக்கு அந்த விதியில் பதில் இல்லை.

பெயர் நிலைக்கும் என்ற ஆசை காட்டாவிட்டால் செல்வர் எவரும் பணம் எடுக்க மாட்டார், தொடங்குபவர் இல்லாமல் காப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சென்னைச் செல்வர் பச்சையப்ப முதலியாரையே எடுத்துக்கொள்வோம். 1794இல் அவர் உயில் எழுதி வைத்தது பெரும்பாலும் கோயில் கட்டளைகளுக்கு. அவர் இறந்தபின் அது பல ஆண்டுகள் நிறைவேறாமல் கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்று, நீதிமன்றத்தின் வழியே பணம் மீண்டு, சேர்ந்திருந்த தொகையில் 1842இல் பள்ளி வந்தது. அதுவே பின்னர் கல்லூரி ஆயிற்று. ஈட்டியது அவர், அவர் பெயரை இன்று நாம் உச்சரிக்கக் காரணம், அவர் நினைத்திராத ஒன்றாக அதை மாற்றிக் காத்தவர்கள். ஆகவே பெயர் வைக்கட்டும், தவறில்லை. பின்னால் வருபவர் மாற்றிக்கொள்ளும் உரிமையையும், பராமரிப்புக்கான பணத்தையும் சேர்த்து வைக்கட்டும்.

ஒரகடத்தில் பகிர்ந்த அறையில் தங்கி, ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பும் இளைஞருக்கு இதெல்லாம் எட்டாக் கனி என்பது அடுத்த மறுப்பு. அது கனமான மறுப்பு. வயிற்றுப்பாட்டுக்கே நிச்சயம் இல்லாதவரிடம் அறம் போதிப்பது கொடுமை. அவருக்கு நிலையான வேலை தருவது முதலாளியின் கடமை, அரசின் கடமை. என்றாலும் காத்தல் என்ற அளவுகோலில் அவர் ஏழையல்ல. ஷிஃப்ட் மாறும்போது எந்த மெஷின் எப்படி மக்கர் செய்கிறது என்று அடுத்தவருக்கு மறைக்காமல் சொல்லிக் கொடுப்பவர், புதிதாக வந்த பையனுக்குக் கை போகாமல் வேலை கற்றுத் தருபவர், தனக்குக் கிடைத்ததைக் குறையாமல் கைமாற்றுகிறார். அதற்குச் சொத்து வேண்டியதில்லை.

கையில் பணமும் பதவியும் உள்ளவர்களிடம் கேட்க ஒன்று உண்டு. அடுத்த திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு செதுக்கச் சொல்லும் முன், உங்கள் ஆலைச் சுவருக்கு அப்பால் ஓடும் வரத்துக்கால்வாயை ஒருமுறை நடந்து பாருங்கள். அதைத் தூர்வார இந்த ஆண்டுக்கு மட்டுமல்ல, நீங்கள் இல்லாத ஆண்டுகளுக்கும் ஆள் யார், பணம் எங்கிருந்து என்று எழுதி வையுங்கள்.