விலகிய திருமதில்

அன்னூர் முதலிய பழைய ஊர்களில் குடும்பம் பெருக வீடும் பெருகுகிறது. புதுச்சுவர் ஒரு முழம் தள்ளி எழும்பினால் அண்டை வீட்டாரோடு வழக்கும் உடன் எழும்புகிறது.

திருவரங்கத்தின் 7 திருச்சுற்றுகளுள் நான்காவதைத் திருமங்கையாழ்வார் எடுப்பித்தார் என்பர் பெரியோர். மதில் செல்லும் நேர்வழியில் தொண்டரடிப்பொடியாழ்வார் பூத்தொடுக்கும் இடம் குறுக்கிட்டது. பெருமாள் கைங்கர்யமேயாயினும், மற்றோர் அடியவரின் இடத்தை இடிக்கத் திருமங்கை மன்னன் திருவுள்ளம் இசையவில்லை. மதிலை ஒதுக்கியே கட்டினார். அது கண்டு உகந்த தொண்டரடிப்பொடிகள், தம் பூக்கொய்யும் கருவிக்கு ‘அருள்மாரி’ என்று அவர் திருநாமத்தையே சூட்டினார்.

பகவானுக்கென எழுந்த மதிலே அண்டை அடியாருக்காக விலகிற்று. நம் வீட்டுச் சுவர் விலகலாகாதோ? கடைக்கால் தோண்டுமுன் அடுத்த வீட்டாரிடம் ஒரு சொல் கேட்பதும் கைங்கர்யமே. காரமடை அரங்கன் மாசித் தேரில் ஒரே வடம் பிடிக்கும் கைகள், நீதிமன்றத்தில் எதிரெதிர் நிற்றல் அழகன்று.