ஆனைச்சாத்தன் சாட்சி செல்லுமா?

மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கத் தொடங்கும்போது வானம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கும். அந்த முப்பது பாசுரங்களில் ஆறாவதும் ஏழாவதும் ஒரு வழக்கு விசாரணைபோல நடக்கின்றன. பறவைகள் கூவிவிட்டன, எழுந்து வா என்கிறார்கள் வாசலில் நிற்கும் தோழியர். உள்ளே படுத்திருப்பவள் அசைவதாக இல்லை. அவள் தரப்பை எடுத்துப் பேசுகிறவர்கள் உரையாசிரியர்கள். நீங்கள் தெருவில் போட்ட கூச்சலில் பறவைகள் விழித்திருக்கும், அது எப்படி விடிந்ததற்கு அடையாளம் என்பது ஒரு வாதம். எங்கோ ஒரு மூலையில் ஓர் ஆனைச்சாத்தன் கத்தினால் விடிந்துவிடுமா என்பது இன்னொன்று. ஒரு மூலையில் இல்லையம்மா, ஊரெங்கும் கத்துகின்றன என்று வாசலிலிருந்து பதில் போகிறது.

தர்க்கம் படித்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதாக இராது. நெருப்பில்லாமல் புகையாது, ஆகவே புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம். விடியாமல் பறவை கூவாது என்று அதே உறுதியோடு சொல்ல முடியுமா?

திருச்சிக்காரர்கள் சொல்லமாட்டார்கள். பங்குனி, சித்திரை வெக்கையில் மொட்டை மாடியில் படுத்தவர்களை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் குயில் எழுப்பியிருக்கும். நிலா வெளிச்சம் இருந்தால் அக்காக்குயிலும் சேர்ந்துகொண்டு, சுருதியை ஏற்றிக்கொண்டே போய் திடீரென நிறுத்தும். கேட்பவருக்குத்தான் மூச்சு முட்டும். கொள்ளிடத்து மணலில் ஆள்காட்டிக்கு இரவு பகல் கிடையாது. நரி, நாய், மனிதன் எது நடந்தாலும் கத்தும். வழக்கின் முக்கிய சாட்சியான ஆனைச்சாத்தனைக் கரிச்சான், வலியன், இரட்டைவால் குருவி என்று பல பெயர்களில் அடையாளம் சொல்கிறார்கள். கிழக்கு வெளுக்க வெகுநேரம் இருக்கும்போதே குரல் கொடுப்பது அதன் வழக்கம். தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளை இருட்டிய பிறகும் பிடித்துத் தின்னக்கூடியது. நேரத்தைப் பற்றி இதன் சாட்சியத்தை எந்த நீதிபதியும் கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்க வேண்டும்.

இருட்டில் ஏன் பாட வேண்டும்? இரை தேட வெளிச்சம் போதாத நேரம் அது. காற்று அடங்கியிருக்கும், மற்றச் சத்தங்களும் குறைவு. குரல் நெடுந்தூரம் போகும். ஐரோப்பாவின் நைட்டிங்கேல் பறவையில் இரவெல்லாம் பாடுவது பெரும்பாலும் துணை கிடைக்காத ஆண். ஆப்பிரிக்காவிலிருந்து இரவில் பறந்து வரும் பெண் பறவைகளுக்கு, கீழே ஒருவன் இருக்கிறான் என்று அது தெரிவிக்கிறது. துணை வந்ததும் இரவுப்பாட்டு பெருமளவு குறைந்துவிடும்.

மனிதர்களால் குழம்பிப் பாடுபவையும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ராபின் குருவிகள் இரவில் பாடுவதற்குத் தெருவிளக்கே காரணம் என்று பலரும் நினைத்திருந்தார்கள். 2007-இல் வெளிவந்த ஆய்வு, பகல் இரைச்சல் அதிகமுள்ள இடங்களில்தான் அவை இரவில் பாடுகின்றன என்று காட்டியது. பகலில் பேச இடம் கிடைக்காதவர்கள் இரவுக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். விளக்கும் முழுக்க நிரபராதி இல்லை. சில பறவையினங்களில், தெருவிளக்கை ஒட்டி வாழ்பவை இருட்டில் வாழும் தம் இனத்தவற்றைவிட முன்னதாகவே விடியற்பாட்டைத் தொடங்கிவிடுகின்றன என்று 2010-இல் வியன்னாக் காடுகளில் கண்டார்கள். 236 அடி ராஜகோபுரத்துக்கும் மலைக்கோட்டைக்கும் மின்விளக்குப் போட்டுவிட்ட காலத்தில், போர்வைக்குள் இருப்பவளின் வாதம் ஆண்டாள் காலத்தைவிட வலுத்துத்தான் இருக்கிறது.

ஆனால் வாசலில் நிற்பவர்களுக்குச் சூரியனைப் பற்றி அப்படியென்ன கவலை? பகவானை அடியார் கூட்டத்தோடு சேர்ந்தே அனுபவிக்க வேண்டும், ஒருத்தியை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுப்புதலும் என்று வைணவ உரைமரபு சொல்கிறது. விடிந்தது என்பது அவர்களுக்கு ஒரு சாக்கு. இந்தக் கண்ணோடு பார்த்தால் பறவையும் விடியலை அறிவிக்கப் பிறந்ததல்ல. இங்கே நான் இருக்கிறேன், நீ எங்கே என்பதுதான் அதன் பேச்சு.

இதில் பக்தி எங்கே வந்தது, எல்லாம் இணை தேடும் வேலைதானே என்று கேட்கலாம். அப்படிக் கேட்பதற்கு ஸ்ரீரங்கம் தோதான ஊர் இல்லை. மானிடர்க்கு வாழ்க்கைப்பட மறுத்த ஆண்டாள் அரங்கனோடு கலந்ததாகச் சொல்லப்படும் சந்நிதி இங்கேதான் இருக்கிறது. நம்மாழ்வார் நாயகியாகி நின்று பறவைகளைத் தூது விட்டார். அந்தப் பறவைகள் ஆசாரியர்கள், இரண்டு சிறகுகளும் ஞானமும் அனுஷ்டானமும் என்று பின்வந்தவர்கள் விளக்கினார்கள். காதலை அற்பமாக நினைத்த மரபு இப்படியெல்லாம் பேசியிருக்காது.

அதற்காக ஒவ்வொரு குருவிக்கும் திருமண் இட்டுவிடுவதும் அதிகப்பிரசங்கித்தனம். இருட்டில் பாடுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. மத்திய அமெரிக்காவின் டுங்கரா தவளை எந்தக் குரலால் பெண்ணை அழைக்கிறதோ, அந்தக் குரலைக் கேட்டுத்தான் தவளை தின்னும் வௌவாலும் வருகிறது. குரல் சிறுத்தவர்களின் பாடு வேறு. மரங்களிலும் செடிகளிலும் வாழும் ஒருவகைச் சில்வண்டில் சில ஆண்கள் இலையின் நடுவே ஓட்டை போட்டு, அதில் பொருந்தி உட்கார்ந்து சிறகை உரசுகின்றன, இலையே ஒலிபெருக்கியாகிவிடுகிறது. இந்தத் தந்திரத்தைச் செய்பவை பெரும்பாலும் உடம்பு சிறியவை, சத்தம் குறைந்தவை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழு 2020-இல் எழுதியது.

ஹவாயின் கவாய் தீவில் நடந்தது இன்னும் விசித்திரம். பாட்டைக் கேட்டு வரும் ஒட்டுண்ணி ஈ ஒன்று ஆண் சுவர்க்கோழிகளின்மேல் புழுவை இட்டுவிடும். புழு உள்ளிருந்தே தின்றுவிடும். 2003 வாக்கில் உயிரியலாளர் மார்லீன் சுக் அங்கே போய்ப் பார்த்தபோது பத்தில் ஒன்பது ஆண்களுக்கு மேல் ஊமை. ஒரு மரபணு மாற்றத்தால் சிறகின் ஒலிக்கருவியே இல்லாமல் போயிருந்தது. அவை அழியவும் இல்லை. மிச்சமிருந்த சில பாடகர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாட்டைக் கேட்டு வரும் பெண்களைச் சந்தித்துக்கொண்டன. கோஷ்டியின் ஓரத்தில் வாய் திறக்காமல் நின்று பிரசாதம் வாங்குகிறவர்கள் உலகெங்கும் உண்டு போலிருக்கிறது.

பாட்டு இன்னொருவருக்காகத்தான் என்பது இதுவரை சரியாகவே வருகிறது. இடிக்கிற இடம் ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமிஷ் டேவும் டேனியல் மார்கோலியாஷும் தூங்கும் ஜீப்ரா ஃபின்ச் குருவிகளின் மூளையைக் கவனித்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். பகலில் பாடும்போது நரம்புகள் எந்த வரிசையில் துடித்தனவோ, உறக்கத்திலும் அவ்வப்போது அதே வரிசையில் துடித்தன. சத்தம் துளியும் இல்லை. அழைக்க இணையும் இல்லை, விரட்ட எதிரியும் இல்லை.

இது பாடம் பதிவதற்கான ஒத்திகை என்பது விஞ்ஞானிகளின் விளக்கம், நியாயமான விளக்கம்தான். ஆனால் ஸ்ரீரங்கம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காது. இங்கே பள்ளிகொண்டிருப்பவரின் உறக்கம் அறிதுயில், எல்லாம் அறிந்தபடியே உறங்கும் உறக்கம். அப்படிப்பட்டவரை எழுந்தருளச் சொல்லித்தான் தொண்டரடிப்பொடியாழ்வார் பத்துப் பாசுரம் பாடினார். அதிலும் சோலைப் பறவைகளின் ஓசை வருகிறது. தூக்கத்தில் பாடும் குருவியைப் பற்றி இந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னால், அவர் முதலில் கேட்கக்கூடியது இதுதான்: அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது யார்?