உதிரும் இலை தரும் படிப்பினை

தவ்பாச் செய்யாத முஸ்லிம் உண்டா? ரமளான் இரவுகளில் கையேந்தி அழாதவர் யார்? ஆனால் பெருநாள் கழிந்து ஒரு மாதம் ஆவதற்குள் பழைய மனிதனே திரும்பி வந்து விடுகிறானே, அது ஏன்? பாவத்தை நினைத்து அழுகிறோம். அந்தப் பாவத்தினால் கைக்கு வந்ததை விட மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

விடுவது எப்படி என்பதை வல்ல நாயன் மரங்களைக் கொண்டு நமக்குக் காட்டுகின்றான். கோடையில் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஆனைமலைக் காட்டுக்குள் சென்று பாருங்கள். தேக்கு மரங்கள் இலையின்றி நிற்கும். தேக்கின் இலை அகன்றது. அதன் வழியே நீர் ஆவியாகிக் கொண்டேயிருக்கும். மண்ணில் ஈரம் வற்றிய பின்னும் இலைகளை வைத்துக் கொண்டிருந்தால் மரத்துக்கே ஆபத்து. ஆகவே இலையை விடுகிறது. அதையும் ஓர் ஒழுங்கோடு செய்கிறது. இலையிலுள்ள தழைச்சத்து முதலானவற்றில் ஒரு பகுதியை முதலில் தண்டுக்குள் இழுத்துக் கொள்கிறது. பின்னர் காம்பின் அடியில் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டாகி, இலை பிரியும் இடத்தில் காயம் இல்லாதபடி அடைக்கிறது. அதன் பிறகே இலை விழுகிறது. விழுந்த இலை மட்கி, மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறது.

தவ்பாவின் ஒழுங்கும் இதுவே. எல்லாவற்றையும் துறந்து காட்டுக்குப் போகும்படி மார்க்கம் சொல்லவில்லை. வட்டியை விட்டுத் தவ்பாச் செய்தவருக்கு அவருடைய முதல் உண்டு என்று அல்பகரா அத்தியாயத்தின் 279-ஆம் வசனம் தீர்ப்பளிக்கிறது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு வந்தபோது பகைமையை விட்டார்கள்; வீரத்தை விடவில்லை. நம்முடையது நம்மிடம் இருக்கலாம். நம்முடையதல்லாதது போயாக வேண்டும்.

ஆகவேதான் இமாம்கள் தவ்பாவுக்கு 3 நிபந்தனைகளைக் கூறினார்கள்: பாவத்தை விட்டு விலகுதல், வருந்துதல், இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல். அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டதானால் 4-வது ஒன்றும் உண்டு. உரியவரிடம் அதைத் திருப்பிக் கொடுத்தல். ஹிஜ்ரி 187-ல் மக்காவில் மறைந்த பெரியார் புழைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்கள் ஒரு காலத்தில் வழிப்பறி செய்தவர்கள். திருமறை வசனம் ஒன்று செவியில் விழுந்து மனம் திருந்திய பின், தம்மிடம் பொருளைப் பறிகொடுத்தவர்களைத் தேடிச் சென்று ஈடு செய்தார்கள் என்று அவர்களின் சரிதையில் கூறப்படுகிறது.

சகோதரர்களே! நம் வீட்டுக்கு வருவோம். தகப்பனார் மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் சகோதரியின் பங்கைக் கொடுக்காத குடும்பங்கள் நம்மில் எத்தனை! ஒரு மகனும் ஒரு மகளும் மட்டுமே வாரிசுகளானால் சொத்து 3 பங்கு. 2 மகனுக்கு, 1 மகளுக்கு. இது அல்லாஹ் வகுத்த பாகம். "கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு கணக்குத் தீர்ந்தது" என்கிறோம். தகப்பனார் அன்று அன்போடு கொடுத்தது வேறு, அவர் மறைவுக்குப் பின் வாரிசுரிமையாக வருவது வேறு. "அக்கா கேட்கவே இல்லையே" என்கிறோம். கேட்டால் தாய் வீட்டு வாசல் அடைபட்டு விடுமோ என்ற பயத்தில் அவர் வாய் திறக்காதிருக்கிறார். அந்த மௌனம் விட்டுக் கொடுத்ததாகுமா? இந்தப் பங்கைக் கையில் வைத்துக் கொண்டே தஹஜ்ஜுதில் அழுகிறோம்!

கொடுத்து விட்டால் குறைந்து போவோமே என்ற அச்சந்தான் நம்மைத் தடுக்கிறது. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளின் கிளுவை வேலியைப் பாருங்கள். கடுங்கோடையில் முள்ளும் குச்சியுமாய்ப் பட்டுப் போனது போல நிற்கும். வெளியூரார் விறகென்று நினைப்பார். குடியானவர் அதில் அரிவாள் வைப்பதில்லை. மழை பெய்ததும் பச்சையாகி விடும் என்பது அவருக்குத் தெரியும். காய்ந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதைத் தன் வல்லமைக்கு அத்தாட்சியாக அல்லாஹு தஆலா ஹாமீம் ஸஜ்தா அத்தியாயத்தின் 39-ஆம் வசனத்தில் எடுத்துக் காட்டுகின்றான். கொடுத்த பின் சில காலம் கை சுருங்கலாம், வியாபாரம் தளரலாம். அது கோடைதான், மரணம் அல்ல.

அல்லாஹ் தடுத்ததை விட்டு விலகுவதும் ஹிஜ்ரத்தே என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அந்த ஹிஜ்ரத்துக்கு ஒட்டகம் தேவையில்லை. பத்திரத்தை எடுத்துக் கொண்டு சகோதரியின் வீடு வரை நடந்தால் போதும்.

உரியதை உரியவரிடம் சேர்க்கும் மனத்துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.